கல்லில் இல்லாத மகன்

என் மனைவி இறந்து நான்காம் மாதம், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சலவை அறையில், முன்பின் தெரியாத ஒரு சீனர் என்னைத் தடுத்தார். அவளுடைய பருத்திச் சேலைகளை எவருக்காவது கொடுத்துவிடலாம் என்று துவைத்து, சூட்டில் உலர்த்தும் இயந்திரத்துக்குள் போடப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதன் கதவைச் சாத்தியது.

"உதுக்குள்ள போடாதேயும். சுருங்கிப் போகும். பிறகு ஆர் கட்டுறது?"

"இனி ஒருத்தரும் கட்டப் போறதில்லை," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஈரச் சேலையின் ஒரு முனையை என் கையில் தந்துவிட்டு, மறுமுனையோடு அறையின் மறு சுவர்வரை பின்னோக்கி நடந்தார். இருவரும் இழுத்து உதறினோம். எண்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் அவ்வளவு நீளத் துணியை விளிம்பு பிசகாமல் மடித்துக் கொண்டுவந்து என் கையில் வைத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அவர் சலவைக் கடையில் வளர்ந்தவர் என்பது பின்னர் தெரிந்தது.

எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். ஆனால் அவரும் இதில் வரும் மற்றவர்களும் சொன்னவை என் நினைவில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன். அவரை நான் அண்ணை என்று அழைத்தேன். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிந்தவர், "நல்லது, அதுக்கு அடையாள அட்டை தேவையில்லை" என்றார். நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு கற்பித்தவன் என்பதற்காக என்னைப் புரொபெசர் என்றார். இங்கே நான் முப்பது ஆண்டுகள் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகவும் அகதிகளின் வாக்குமூலங்களை எழுதுபவனாகவும் இருந்தேன் என்பதை அவர் கூடுதலாக மதித்தார் என்று நினைக்கிறேன்.

கண்பார்வை குறைந்ததால் அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை அரசு திரும்பப் பெற்றிருந்தது. ஓர் ஏப்ரல் காலையில், "கார் வைச்சிருக்கிறீர், போக இடமில்லாமல் இருக்கிறீர். என்னை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் விடும்" என்றார். ஒரு மயானத்துக்குப் போனோம். சீனர்கள் வசந்தத்தில் குடும்பமாகச் சென்று தங்கள் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து படைக்கும் காலம் அது. சுற்றிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகக் கூட்டம். அவர் தனியாக ஒரு சிறிய கருங்கல்லின் முன் குந்தியிருந்து, பழைய பற்தூரிகையால் எழுத்துகளுக்குள் படிந்திருந்த பாசியைச் சுரண்டினார்.

கல்லின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பெயர். வலப்பக்கம் இறந்தவரின் மாவட்டமும் ஊரும். இடப்பக்கம் மழமழவென்று வெறுமையாக இருந்தது.

"அங்கதான் பிள்ளையளின்ர பேர் வெட்டுறது," என்றார் அண்ணை. "பேர் இல்லையெண்டால் பிள்ளை இல்லாத ஆள் எண்டு அர்த்தம்."

"இவர் உங்களுக்கு ஆர்?"

அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசினார். திரும்பி வரும் வழியில், மோர்னிங்சைட் வீதி தாண்டி ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, "அது என்ர அப்பா" என்றார்.

அவருடைய தந்தை இளைஞராக இந்த நாட்டுக்கு வந்தவர். சீனர் என்பதற்காக மட்டும் அக்காலத்தில் அறவிடப்பட்ட தலைவரியைக் கட்டிவிட்டு இறங்கியவர். சில காலத்தின் பின் வரி போதாது என்று அரசு கதவையே சாத்தியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குச் சீனர் எவரும் தம் மனைவியையோ பிள்ளையையோ கொண்டுவர முடியவில்லை. ஊருக்குப் போனால் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். தந்தை இரண்டு முறை போனார். முதல் முறை திருமணம் செய்தார். இரண்டாம் முறை அண்ணை கருவில் இருக்கும்போதே கப்பல் ஏறினார். அந்தக் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் எல்லாமாகச் சேர்த்து இரண்டு ஆண்டுகூட இல்லை. போர்க்காலத்தில் தாய் ஊரிலேயே இறந்தார்.

பிறகு சட்டம் தளர்ந்தது. ஆனால் குடியுரிமை பெற்றவர் மட்டுமே பிள்ளையை அழைக்கலாம், பிள்ளை குறித்த வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்றது. தந்தையிடம் குடியுரிமை இல்லை. அதைப் பெறும்வரை பிள்ளையின் வயது நிற்கப் போவதுமில்லை. அதே மாவட்டத்தைச் சேர்ந்த இன்னொருவரிடம் குடியுரிமை இருந்தது. அவர் அரசிடம் பதிந்து வைத்திருந்த மகன் சிறுவயதிலேயே காய்ச்சலில் இறந்திருந்தான். அந்த இறப்பை எவரும் இங்கே அறிவிக்கவில்லை. இறந்த சிறுவனின் இடத்தில் அண்ணை வந்தார்.

"ஹொங்கொங்கில இன்ரவியூ," என்றார். "அந்தச் செத்த பொடியன்ர ஊரில எத்தினை வீடு, கிணறு எந்தப் பக்கம், வீட்டு வாசல் எந்தத் திசை, எல்லாம் பாடமாக்கினன். இப்பவும் கேளும், சொல்லுவன். என்ர சொந்த ஊரில கிணறு எங்க இருந்தது எண்டு கேட்டால் தெரியாது."

காகிதத்தில் அவர் இரண்டு வயது இளையவர். "டொக்டர் எனக்கு எண்பத்து நாலு எண்டு நினைச்சுக் கொண்டிருக்கிறார். அதுதான் நான் கொஞ்சம் களைச்சுப் போனன் எண்டு கவலைப்படுறார்," என்று சிரித்தார்.

பதினான்கு வயதில் அவர் வந்து சேர்ந்த சலவைக் கடையில் காகிதத் தந்தையும் உண்மைத் தந்தையும் கூட்டாளிகளாக இருந்தார்கள். காகிதத் தந்தையை அவர் அப்பா என்று அழைக்கவேண்டும். பிறந்தது முதல் ஒருநாளும் பார்த்திராத தம் தந்தையை, ஊர்முறையில், சித்தப்பா என்று அழைக்கவேண்டும். வாடிக்கையாளர் முன் மட்டும் அல்ல. சுவர் மெல்லியது, பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியக்கூடாது. எனவே சமையலறையிலும் சித்தப்பா, காய்ச்சலில் கிடக்கும்போதும் சித்தப்பா.

ஒருமுறை, பொய்த்தாளில் வந்தவர்களைப் பிடிக்க, காவல்துறையினர் மொழிபெயர்ப்பாளரோடு சீனர்களின் வீடுகளுக்குள் புகுந்து கடிதங்களைத் தேடினார்கள். செய்தி தங்கள் தெருவுக்கு எட்டிய காலையில், இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கும் அடுப்பில் தந்தை தம் மனைவியின் கடிதங்கள் அனைத்தையும் போட்டு எரித்தார். அவற்றில் மகனின் உண்மைப் பெயர் இருந்தது. பொதுமன்னிப்பு பிறகு வந்தது. உண்மையைச் சொல்பவரை நாடு கடத்த மாட்டோம் என்றார்கள். ஆனால் காகிதத் தந்தை அதற்குள் வேறு இருவரையும் இதே முறையில் அழைத்திருந்தார். ஒருவர் வாய் திறந்தால் எல்லாருடைய முடிச்சும் அவிழும். "பொறு" என்றார் தந்தை. பொறுத்திருக்கும்போதே இறந்துபோனார்.

அடக்கத்தை ஊர்ச்சங்கம் நடத்தியது. பிள்ளையில்லாத ஒருவருக்குச் செய்யும் முறையில் செய்தார்கள். மூத்த மகன் உடுத்தவேண்டிய துக்க உடையை எவரும் உடுத்தவில்லை. அண்ணை மூன்றாவது வரிசையில் நின்றார்.

நான் அப்போது வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். தகன மண்டபத்தில் என் மனைவிக்காக உலையை மூட்டும் பொத்தானை அழுத்தியது நான்தான். அந்த ஒன்றாவது எனக்கு அனுமதிக்கப்பட்டது என்று நினைத்தேன்.

அரசு கேட்கும் கேள்விக்கு ஏற்ப ஒரு குடும்பம் தன்னை வெட்டித் தைத்துக்கொள்கிறது. கேள்வி மறைந்த பின்னும் தையல் பிரிவதில்லை. நான் கற்பித்த வரலாற்றில் இதை ஒரு பந்தியில் கடந்திருப்பேன். அண்ணையின் வாழ்வில் அது ஒவ்வொரு மேசையிலும் இருந்தது. வங்கியிலும் பாடசாலையிலும் இறந்த சிறுவனின் குடும்பப் பெயர். முதுமையில் சேர்ந்த தம் குலச்சங்கத்தின் விருந்தில் சீன எழுத்தில் சொந்தக் குடும்பப் பெயர். தலைவரிக்காகப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்ட நாளில், வரி கட்டியவர்களின் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் கூட்டி நேரடி ஒளிபரப்பைக் காட்டினார்கள். அண்ணைக்கும் முன்வரிசையில் நாற்காலி இருந்தது, காகிதத் தந்தையின் மகன் என்ற முறையில்.

"மன்னிப்புக் கேட்டாங்கள், புரொபெசர். ஆனால் வேற ஆற்றையோ மகனிட்டக் கேட்டாங்கள்."

அவருடைய இதயத்தின் வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. இந்த வயதில் அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு பனிக்காலம் தாங்கும், இரண்டாவதைச் சொல்ல முடியாது. அடுத்த வசந்தத்துக்குமுன் கல்லின் இடப்பக்கத்தில் தம் பெயரை மகன் என்று வெட்டவேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

மயான அலுவலகம் உறவுக்கு ஆதாரம் கேட்டது. நியாயமான விதி. கண்ட கண்டவர் வந்து கல்லில் பெயர் வெட்டிவிடக் கூடாதல்லவா? பிறப்புச் சான்றிதழ் இல்லை. கடிதங்கள் அடுப்பில் போயின. இருக்கும் தாள்கள் அனைத்தும் அவர் இன்னொருவரின் மகன் என்றே சொல்லின. எஞ்சியது, அலுவலர் முன் சத்தியம் செய்து ஒப்பமிடும் சத்தியக்கடதாசி ஒன்றே.

"நீர் எழுதும்," என்றார். "நீர் எத்தினை பேருக்கு எழுதினனீர்."

அவருடைய மகள் மார்க்கம் நகரில் மருந்தாளராக இருப்பவர். அறுபதை நெருங்கியவர். செய்தி அறிந்து அடுத்த ஞாயிறு வந்தார். நான் எழுந்து போக முற்பட்டபோது இரு என்று இருவரும் கை காட்டினார்கள்.

"ஐம்பது வருசத்துக்கு மேல ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப நாங்களாப் போய் ஏன் சொல்லவேணும், டாட்?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம். அதுதான் நான் சொல்லவேண்டிக் கிடக்கு."

"சிற்றிசன்ஷிப் பொய்யில எடுத்தது எண்டு சைன் வைச்சுக் குடுக்கப் போறீங்கள். நாளைக்கு ஆரும் வந்து என்னையும் பிள்ளையளையும் கேட்டால்?"

"அப்ப நான் செத்துப் போயிடுவன். உன்ர பாடு."

"வெரி ஃபனி." அவர் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், உங்கட ஒஃபிஸில லோயரைக் கேட்டீங்களா?"

கேட்டிருந்தேன். எந்த அரசும் இதற்காக ஒரு முதியவரைத் தேடி வராது, குடும்பத்துக்கும் ஒன்றும் ஆகாது என்று சட்டத்தரணி உறுதியாகச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். மகளின் முகம் மாறவில்லை. சட்டம் அவருடைய தடையாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

இருபத்துநான்கு வயதில் அவர் ஒரு சீன இளைஞனை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். நல்ல குடும்பம், நல்ல படிப்பு. தாய் அவனுடைய குடும்பப் பெயரைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அது அண்ணையின் உண்மையான குடும்பப் பெயர். அவர்கள் மரபில் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் உடன்பிறந்தவர்கள் போல. மணம் பேசுவதே குற்றம். ஆனால் பெண்ணின் பெயரும் பையனின் பெயரும் காகிதத்தில் வேறு வேறு. ஏன் வேண்டாம் என்பதைத் தாயால் மகளிடமும் சொல்ல முடியவில்லை, பையன் வீட்டாரிடமும் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஓராண்டு அந்த வீட்டில் எவரும் சேர்ந்திருந்து சாப்பிடவில்லை. காரணத்தை மகள் அறிந்தது தாய் மருத்துவமனையில் இறந்துகொண்டிருந்தபோது.

"எனக்குத் தெரியாத ஒரு பேருக்காக நான் ஒருக்கால் விலை குடுத்திட்டன்," என்றார் மகள். "இப்ப அதே பேரைக் கல்லில வெட்டி நான் வந்து கும்பிடவேணுமா?"

அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, "நீ கும்பிட வேண்டாம். என்னைக் காரில கொண்டுபோய் இறக்கு, காணும்" என்றார்.

சத்தியக்கடதாசியை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அத்தகைய தாள் ஒன்றை நான் ஒரு பிற்பகலில் முடிப்பவன். தடை என்னிடமே இருந்தது. நான் இந்த நாட்டுக்கு வரும்போது, விமான நிலையத்தில் என்ன சொல்லவேண்டும் என்று என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் பாடமாக்கித் தந்த விடைகளில் ஒன்று, நான் திருமணமாகாதவன் என்பது. தனி ஆள் என்றால் அலுவல் கெதியாக முடியும் என்றான். கொழும்பில் ஒரு வாடகை அறையில் என் மனைவி காத்திருந்தாள். நான் படிவத்தில் 'திருமணமாகாதவர்' என்ற கட்டத்தில் புள்ளடி இட்டேன். பின்னர் அவளை அழைக்க விண்ணப்பித்தபோது, இரண்டு தாள்களில் எது உண்மை என்று கேட்டார்கள். மிகவும் நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லி முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐவர் பகிர்ந்த அறையில் அவளுடைய கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து சேர்ந்தபோது எங்களுக்குப் பிள்ளை பிறக்கக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்திருந்தது.

அவள் அதைக் குற்றமாக ஒருநாளும் சொன்னதில்லை. நான் சாப்பாட்டில் குறை சொல்லும்போது மட்டும், "கலியாணம் கட்டாத மனுசனுக்கு நான் ஏன் சமைக்கிறன் எண்டுதான் எனக்கும் விளங்கேல்லை" என்பாள். நான் சிரித்துவிடுவேன். சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்திருக்கலாம் என்பதை இப்போது யோசிக்கிறேன். ஒரு மன்னிப்பை முறையாகக் கேட்டிருக்கலாம். அதற்கு முப்பது ஆண்டுகள் எனக்குத் தரப்பட்டிருந்தன.

ஆகவே, 'மேற்குறித்த இறந்தவர் என் தந்தை' என்ற வரியை எழுதியபின் நெடுநேரம் எழுதுகோலைக் கீழே வைத்திருந்தேன்.

நகரசபை அலுவலகத்துக்கு மகளே எங்களை ஓட்டிச் சென்றார். உள்ளே சற்றுத் தள்ளியிருந்த வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். சத்தியம் எடுப்பிக்கும் அலுவலர் ஓர் இளம்பெண். அண்ணை நரைத்த தலையை வாரி, கழுத்துப்பட்டி அணிந்து வந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டைக் கழுத்து நிமிர்ந்து நின்றது. அலுவலர் தாளைப் படித்துவிட்டு வழக்கமான முறையில் கேட்டார்.

"இறந்தவர் உங்களுக்கு என்ன முறை, சேர்?"

"அங்கிள்," என்றார் அண்ணை.

அவர் தயங்கவே இல்லை. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு விரைவாக வந்தது அந்தச் சொல். அலுவலர் தாளை மறுபடி பார்த்தார். "இதில வேற மாதிரி எழுதியிருக்கே."

அண்ணையின் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. தாம் சொன்னது அவர் காதில் அப்போதுதான் விழுந்தது. அவருடைய கண் கதவுப் பக்கம் போனதை நான் கண்டேன். முப்பது ஆண்டு என் தொழிலில் எத்தனையோ பேரிடம் கண்ட பார்வை அது. பாடமாக்கிய விடை உண்மைக்கு முந்திக்கொண்டு வந்துவிடும். நான் பேச முடியாது. சத்தியம் செய்பவர்தான் பேசவேண்டும்.

"அவசரமில்லை," என்றார் அலுவலர் மிகவும் இதமாக. "இன்னொரு நாளைக்கு வாங்கோவன்."

இன்னொரு நாள் அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாங்கிலிருந்து எழுந்து வந்து தகப்பனின் அருகில் நின்றார். முகத்தில் கோபம் இருந்தது. யார்மீது என்று சொல்ல முடியவில்லை.

"கேள்வியை மாத்திக் கேளுங்கோ," என்றார் அலுவலரிடம். "இவர் அவருக்கு என்ன முறை எண்டு கேளுங்கோ."

அலுவலர் மகளையும் தாளையும் பார்த்துவிட்டு, அண்ணையிடம் திரும்பினார். "அவருக்கு நீங்கள் என்ன முறை, சேர்?"

அந்தக் கேள்விக்கு எவரும் அவருக்கு விடை பாடமாக்கியிருக்கவில்லை.

"மகன்," என்றார்.

குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. அலுவலர் திரும்பச் சொல்லும்படி கேட்கவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினார். மகள் தகப்பனின் முழங்கையைப் பிடித்து வாசல்வரை நடத்திச் சென்றார். காரில் ஏறியபின், "கஞ்சி கூடிப்போச்சு, கழுத்து வெட்டுது" என்று அண்ணை முறையிட்டார். "ஆர் போடச் சொன்னது?" என்று மகள் ஏசினார். நான் பின் ஆசனத்தில் இருந்தேன்.

கல் வெட்டுபவர் பனி விழுமுன் வேலையை முடித்துத் தந்தார். அண்ணை அந்தப் பனிக்காலத்தைத் தாண்டினார். ஏப்ரலில் மகளும் அவர் கணவரும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் இரண்டு கார்களில் வந்தார்கள், என்னையும் அழைத்திருந்தார்கள். வாட்டிய இறைச்சி, தோடம்பழம், மூன்று சிறிய கிண்ணங்களில் தேநீர். இடப்பக்க வெறுமையில் இப்போது சீன எழுத்தில் அவருடைய உண்மைப் பெயர் இருந்தது. அதன் கீழே, ஆங்கிலத்தில், இறந்த சிறுவனின் குடும்பப் பெயரும் இருந்தது. அதையும் வெட்டவேண்டும் என்று அண்ணையே சொன்னாராம். அந்தப் பொடியனுக்கு எங்கும் கல் இல்லை என்றாராம்.

வணங்கும் நேரம் வந்தபோது அவர் வழக்கப்படி பின்னால் போய் நின்றார். மகள் அவர் தோளைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணை மூன்று முறை குனிந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் குனிந்தார்கள். மகளும் குனிந்தார்.

பிறகு அண்ணை கல்லின் முன் குந்தியிருந்து பேசத் தொடங்கினார். தம் ஊர்ப்பேச்சில், இடைவிடாமல், சில இடங்களில் வாதிடுவது போலவும் பேசினார். பேரப்பிள்ளைகள் கார்ப் பக்கம் நடந்துவிட்டார்கள். மகள் என் அருகே வந்து நின்றார்.

"அம்மா எனக்கு எல்லாருக்கும் விளங்கிற கன்ரனீஸ்தான் பழக்கினவ," என்றார். "இந்த ஊர்ப் பாஷை வெளியில கதைக்கப்படாது எண்டு எனக்குச் சொல்லித் தராமல் விட்டிட்டினம். என்ன சொல்லுறார் எண்டு எனக்கு விளங்கேல்லை, அங்கிள்."

"எனக்கும் விளங்கேல்லை, பிள்ளை."

காற்று குளிராக இருந்தது. என் மனைவியின் சாம்பலை நாங்கள் ஏரியில் கரைத்தோம். அவள் அப்படித்தான் விரும்பினாள். போய்க் குந்தியிருந்து பேச எனக்கு ஒரு கல் இல்லை. இருந்திருந்தாலும் இவ்வளவு நேரம் பேச என்னிடம் எதுவும் இருந்திராது. முப்பது ஆண்டுகளாகச் சொல்லாத ஒரு வாக்கியம் போதும்.

அண்ணை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மகள் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றிக்கொண்டு போய் அவர் தோளில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவர் முடிக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.